காலையில் ரீஸ்டார்ட் செய்தால் ஓடும், பதினோரு மணிக்குப் படுத்துவிடும்

எங்கள் ஆர்டர் சர்வீஸ் (ஆர்டர்களைக் கவனிக்கும் ஜாவா புரோகிராம்) டீ குடித்துவிட்டு வருவதற்குள் தொங்கி நிற்கும். சிபியு சும்மா இருக்கிறது, மெமரியும் பரவாயில்லை, லாகில் ஒரு எரர் கூட இல்லை. ஒரு வாரம் நெட்வொர்க் ஆட்களோடு மல்லுக்கட்டினோம். பாவம், அவர்கள் மேல் தப்பே இல்லை.

கடைசியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஜேஸ்டாக் (ஒவ்வொரு த்ரெட்டும், அதாவது வேலை செய்யும் இழையும், எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜாவா கருவி) எடுத்தேன். சர்வீஸை ஓட்டும் டாம்கேட் சர்வரின் 200 த்ரெட்களும் ஒரே இடத்தில், கனெக்ஷன் பூல் (வேறு சர்வீஸ்களை அழைக்கத் திறந்து வைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்தும் கனெக்ஷன்களின் தொகுப்பு) வாசலில் வரிசையாக. அந்த பூலை நடத்தும் அப்பாச்சி ஹெச்டிடிபி கிளையண்ட் 4 லைப்ரரியில் நாமாக எதுவும் வைக்காவிட்டால் மொத்தம் 20 கனெக்ஷன், ஒரு ரூட்டுக்கு (போய்ச் சேரும் ஒரு சர்வருக்கு) வெறும் 2. பூலில் காத்திருக்கும் நேரத்துக்கும் வரம்பு கிடையாது. எரர் வராத காரணம் அதுதான்.

சரி, பிடித்துவிட்டோம் என்று ரூட்டுக்கு 50 ஆக்கினோம் (மொத்தத்தையும் சேர்த்து ஏற்றுங்கள், இல்லையென்றால் 20-ஐத் தாண்டாது). இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் அதே கதை.

அப்புறம்தான் பூலின் கணக்கை நிமிடத்துக்கு ஒருமுறை லாகில் எழுத வைத்தேன். வெளியே போன கனெக்ஷன் 7, 8, 11 என்று ஏறுகிறது. ராத்திரி ஆளே இல்லாத நேரத்தில்கூட இறங்கவில்லை. ஏறிய நிமிடங்களைத் தேடிப் போனால் ஒவ்வொன்றிலும் ஒரு 404 (‘கேட்டது இல்லை’ என்ற பதில்). கோடில் 404 வந்தால் நல் (null, வெற்று மதிப்பு) கொடுத்துத் திரும்பிவிடுகிறோம். ரெஸ்பான்ஸை மூடும் வரி அதற்குக் கீழே! எந்த வழியில் வெளியேறினாலும் தானே மூடிவிடும் ட்ரை-வித்-ரிசோர்ஸஸுக்குள் போட்டதும் கனெக்ஷன் ஏறுவது நின்றது. காத்திருப்புக்கும் 2 விநாடி வரம்பு வைத்தாயிற்று.

— — —

எங்களுக்கும் இதே ஜேஸ்டாக்தான் அண்ணா, ஆனால் லீக் (எடுத்த கனெக்ஷன் பூலுக்குத் திரும்பாமல் போவது) இல்லை. எதிர்ப்பக்க சர்வீஸ் பதில் தராமல் இழுத்தது, நாங்கள் சாக்கெட் டைம்அவுட்டே (பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பு) வைக்கவில்லை. கனெக்ஷன்களின் நிலையைக் காட்டும் நெட்ஸ்டாட் போட்டால் வித்தியாசம் தெரியும். லீக் என்றால் எதிராளி மூடிவிட்டுப் போயிருப்பான், நம் பக்கம் க்ளோஸ்-வெயிட் (நாம் மூடுவதற்காகக் காத்திருக்கும் நிலை) குவிந்து கிடக்கும். எங்களுக்கு எல்லாமே எஸ்டாப்ளிஷ்ட், அதாவது இன்னும் திறந்தே இருப்பவை.

— — —

முதல் பதிவருக்கு ஒரு வார்த்தை. 404-இன் பாடியை (பதிலின் உள்ளடக்கத்தை) படிக்காமல் மூடினால் லீக் ஆகாதுதான், ஆனால் அந்த கனெக்ஷன் பூலுக்குத் திரும்பாமல் அறுந்துவிடும். அடுத்த அழைப்புக்கு டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் (பாதுகாப்பான கனெக்ஷனுக்கான தொடக்கப் பேச்சு) முதலிலிருந்து. எங்கள் ஆபீஸில் லீக்கை அடைத்த பிறகும் ‘ஏன் இவ்வளவு ஸ்லோ’ என்று இதில்தான் இரண்டு நாள் போயிற்று. மூடும் முன், பாடியை முழுசாகப் படித்து முடிக்க அதே லைப்ரரியின் என்டிட்டியூட்டில்ஸில் (EntityUtils) இருக்கும் கன்ஸ்யூமைக் (consume) கூப்பிட்டுவிடுங்கள்.