பெய்ஜிங் பாட்டி சொல்லிக்கொடுத்த ‘மாஓ’

பூனைக்குச் சீனத்தில் ‘மாஓ’ என்று பெயர். அந்தச் சொல்லோடு எனக்கு நேர்ந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பெய்ஜிங்கில் சீனம் படித்துக்கொண்டிருந்தபோது, ஹூடோங் என்று அங்கே சொல்கிற பழைய சந்து ஒன்றில் குடியிருந்தேன். சந்து முனையில் ஒரு சின்ன மளிகைக் கடை. கடைக்காரப் பாட்டியின் மஞ்சள் பூனை எப்போதும் தண்ணீர் பாட்டில் பெட்டிகளின் மேல்தான் படுத்திருக்கும்.

ஒருநாள் அதைக் காணவில்லை. “மாஓ?” என்று கேட்டேன். பாட்டி தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வகுப்பில் ஒழுங்காகச் சொன்ன சொல்தான். ஆனால் கேள்வி கேட்கும்போது நாம் கடைசியில் குரலை உயர்த்துவோம் இல்லையா, அதே பழக்கத்தில் இங்கேயும் உயர்த்திவிட்டேன். சீனத்தில் அப்படி ஏற்றினால் சொல்லே வேறாகிவிடும். குரலை மேல் சுருதியில், சுருதிப்பெட்டி போல, ஆடாமல் நிறுத்தினால் ‘மாஓ’ பூனை. கீழிருந்து மேலே இழுத்தால் முடி. நாலு குரல் ஏற்ற இறக்கங்களையும் மனப்பாடம் செய்திருந்தேன். அது ஏன் முக்கியம் என்று அன்றுதான் புரிந்தது.

பாட்டி சிரிக்கவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்து, பூனையின் முதுகைத் தடவுவது போல நேர்கோட்டில் நகர்த்திக்கொண்டே “மாஓஓ” என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் எழுத்தை எழுதிக் காட்டினார். இடப்பக்கம் விலங்கு என்பதற்கான குறி. வலப்பக்கம் மேலே புல், கீழே வயல். இரண்டும் சேர்ந்தால் நாற்று. நாற்றுக்குச் சீனத்தில் ‘மியாஓ’ என்று பெயர். அந்த ஒலிக்காகத்தான் அதைப் பூனையோடு சேர்த்திருக்கிறார்கள். பூனை கத்துவதை எழுதவும் அதே நாற்றுதான், பக்கத்தில் வாய்க்கான குறியோடு. நம் ஊர்ப் பூனையும் ‘மியாவ்’ என்றுதானே கத்துகிறது! எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அதன்பிறகு எங்கே பார்த்தாலும் பூனைதான். பாண்டா ‘ஷியோங்மாஓ’, அதாவது கரடிப்பூனை. ஆந்தை ‘மாஓதோயிங்’, பூனைத்தலைப் பருந்து. கதவில் ஆள் பார்க்கும் சின்னக் கண்ணாடித் துளைக்குக்கூடப் ‘பூனைக்கண்’ என்றுதான் பெயர்.

சீனம் படிக்கிறவர்களுக்கு ஒன்று: கேள்விக்காகக் குரலை ஏற்றாதீர்கள், அதற்கென்று ‘ந’ போன்ற தனி அசைகள் இருக்கின்றன. மறுநாள் கடைக்குப் போய், குரலை மட்டமாகப் பிடித்து, “மாஓ ந?” என்றேன். பாட்டி தலையை ஆட்டிவிட்டு, கல்லாவுக்குக் கீழே கை காட்டினார். அரிசி மூட்டைமேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.