ஆவாரை, தும்பை விதைகளை முளைக்க வைப்பது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். தாராபுரத்துக்கு அருகே, சரளை கலந்த செம்மண்ணில் அமைந்த எங்கள் வீட்டுத் தோட்டத்தில், இம்மண்ணுக்கே உரிய பூச்செடிகளை விதையிலிருந்து வளர்க்க விரும்புகிறேன். காட்டோரத்தில் சேகரித்த ஆவாரை, தும்பை விதைகளைக் கத்தரி நாற்றுக்குச் செய்வதுபோல் நாற்றங்காலில் மண் மூடி விதைத்து, நாள்தோறும் நீர் தெளித்தேன். ஆவாரையில் ஓரிரண்டு மட்டுமே முளைத்தன. தும்பை முளைக்கவே இல்லை. என்ன செய்யலாம்? செங்காந்தளையும் விதையிலிருந்து வளர்க்க இயலுமா?

மறுமொழி 1:
விதைகள் பழுதானவை அல்ல. ஆவாரை விதையின் மேலுறை எளிதில் நீர் புகாத அளவுக்குக் கடினமானது. எல்லா விதைகளும் ஒரே மழைக்கு முளைத்து, அடுத்த மழை பொய்த்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது என்பதால், சில இவ்வாண்டும் மற்றவை பின்வரும் ஆண்டுகளிலும் முளைப்பதே வறண்ட நிலத்தில் இச்செடி பிழைத்துவரும் வழி. அந்தக் காத்திருப்பை நாம் சற்றுக் குறைக்கலாம். விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து இரவு முழுவதும் நீரில் ஊறவிடுங்கள். அல்லது கொதித்து இறக்கிய நீரில் போட்டு, அது ஆறும்வரை விட்டுவையுங்கள். உப்பிய விதைகளை உடனே ஊன்றலாம். உப்பாதவற்றை மீண்டும் தேய்க்க வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடியாதலால், பிடுங்கி நடுவதைவிட, ஐப்பசி மழைக்குச் சற்று முன்பாகச் செடி நிற்கவேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது. வளர்ந்தபின் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் அதன் இலைகளில் முட்டையிடும். புழுக்கள் இலையைத் தின்றாலும் செடி மீண்டும் தழைக்கும். தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள்.

மறுமொழி 2:
தும்பை விதை மிகச் சிறியது. ஆழமாக மூடினால் மேலே வர அதற்கு வலுவிருக்காது. கிளறிய ஈரமண்ணின் மேல் மணலோடு கலந்து தூவி, கையால் லேசாக அழுத்திவிட்டால் போதும். பொங்கல் காப்புக்கு வேண்டிய பூளைப்பூவையும் இவ்வாறே தூவலாம்.

மறுமொழி 3:
செங்காந்தள் விதை முளைக்க நெடுநாள் பிடிக்கும். முளைத்த பின்னும் கிழங்கு பருத்துப் பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனால்தான் உங்களுக்கு அருகிலுள்ள மூலனூர்ப் பகுதி உழவர்கள் கிழங்கையே நடுகிறார்கள். ஆடி வாக்கில் கிழங்கின் முனை ஒடியாமல் நட்டால், இலைநுனியால் பற்றிக்கொண்டு கிளுவை வேலியில் ஏறிவிடும். ஆனால் கிழங்கும் விதையும் உயிரைப் பறிக்கும் நஞ்சுடையவை. சிறுவர்களோ ஆடுகளோ அணுகும் இடமென்றால், இச்செடியை வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.