உறையணுவா, தட்டணுவா: வைரஸ் கட்டுரைக்கு ஒரு சொல்

வணக்கம் ஐயா,

உங்கள் மொழிபெயர்ப்பு வரைவில் பிளேட்லெட்டை, அதாவது காயத்தில் இரத்தம் உறைய உதவும் நுண்துணுக்கைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது பற்றி நீங்கள் எழுதியவற்றுக்குப் பதில் இது.

> பிளேட்லெட்டுக்கு ‘உறையணு’ என்றே வைத்துவிடலாம். செய்யும் வேலை பெயரிலேயே தெரியும். ‘சிறுதட்டு’ என்றால் சாப்பாட்டுத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது.

சாப்பாட்டுத் தட்டு விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் ‘உறையணு’ இந்தக் கட்டுரைக்குள் போனால் வரிக்கு வரி இடிக்கும். கட்டுரை பேசுவது இரத்தம் உறைவதைப் பற்றியே அல்ல. வைரஸ் உள்ளே வந்ததும் இவை என்ன செய்கின்றன என்பதுதான் அதன் பொருள்.

இன்ஃபுளூயன்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வைரஸை இவை விழுங்கிவிடுகின்றன. உள்ளே டி.எல்.ஆர்.7 என்ற ஏற்பி, அதாவது அந்நியப் பொருளை அடையாளம் காணும் புரதம், இருக்கிறது. வைரஸின் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வை அது கண்டுகொள்கிறது. உடனே சி3 என்ற நோயெதிர்ப்புப் புரதம் வெளியே கொட்டப்படுகிறது. அதைக் கண்ட நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலைபோல வெளியே விரித்துவிடுகின்றன. இதில் உறைதல் எங்கே வருகிறது? இவற்றின் நுண்பைகளில் இருக்கும் ‘காரணி 4’ என்ற புரதம், ஆய்வகச் சோதனைகளில் எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைவதையே தடுக்கிறது. கருவே இல்லாத, இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒரு துணுக்கு, ஏழு முதல் பத்து நாள் ஆயுளுக்குள் இத்தனையும் செய்கிறது. அதன் பெயரில் ஒரு வேலையை மட்டும் பூட்டி வைப்பானேன்?

1882இல் இவற்றைத் தெளிவாக விவரித்த இத்தாலியர் ஜூலியோ பிட்சோசெரோ, காயம்பட்ட இரத்தக்குழாயில் இவை ஒட்டித் திரள்வதைக் கண்ணாலேயே பார்த்தவர். அப்படியிருந்தும் வடிவத்தை வைத்துத்தான் பெயரிட்டார். அது நல்ல முடிவு என்பேன். வேலையைப் பற்றிய அறிவு மாறிக்கொண்டே இருக்கும், வடிவம் அவ்வளவு எளிதில் மாறாது.

ஆகவே என் வாக்கு ‘தட்டணு’வுக்கு. பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்குகிறது, சிறியது, அடுத்த சொல்லோடு தயங்காமல் சேர்கிறது: தட்டணுக்குறை, தட்டணு ஏற்றம், தட்டணு எண்ணிக்கை. ‘குருதிச் சிறுதட்டுக் குறைபாடு’ என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

> இது முழு செல் இல்லை, துணுக்கு. ‘அணு’ எப்படிப் பொருந்தும்?

சரியான கேள்வி. ஆனால் மனிதச் சிவப்பணுவுக்கும் முதிர்ந்த பிறகு கரு கிடையாது, அதை அணு என்றுதானே சொல்கிறோம். பெயர் பிழைத்துக்கொண்டது.

உங்கள் ‘உறையணு’வை வீணாக்கவும் வேண்டாம். கோழி, பல்லி, மீன் இவற்றின் இரத்தத்தில் இந்த வேலையைச் செய்பவை கருவுள்ள முழு செல்கள். ஆங்கிலத்திலும் அவற்றுக்கு வேறு பெயர்தான். அந்த இடத்தில் உறையணு நன்றாக உட்காரும். துணுக்குகளாக உதிர்வது பாலூட்டிகளில் மட்டும், அங்கே தட்டணு.

டெங்குப் பத்தியில் ஒரு திருத்தம். ‘வைரஸ் தட்டணுக்களைத் தின்றுவிடுகிறது’ என்று இருக்கிறது. வார்டில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள், கட்டுரையில் வேண்டாம். டெங்கு வைரஸ் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியைக் குறைக்கிறது. அது போக, வைரஸ் ஒட்டித் தூண்டப்பட்ட தட்டணுக்களை உடலே அப்புறப்படுத்துகிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை சரிவது இதனால்தான். அந்தச் சரிவில் ஒரு பங்கு, சண்டையில் இறங்கியதன் செலவு என்றும் சொல்லலாம்.

அப்புறம் அந்த நியூட்ரோஃபில் டி.என்.ஏ. வலை. ‘புறச்செல் பொறி’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். எலிப்பொறி மாதிரி ஓரிடத்தில் காத்திருக்கும் பொருள் அல்ல அது, விரித்து எறியப்படுவது. அதற்கு நம் மீனவர்களிடமே ‘வீச்சுவலை’ இருக்கிறது. ‘நியூட்ரோஃபில் வீச்சுவலை’ என்று போடலாமா? மறுப்பு இல்லையென்றால் இந்த இரண்டு சொற்களையும் வரைவில் மாற்றி அனுப்புகிறேன்.

அன்புடன்.