நீர் ஹெக்ஸாமரில் ஒரு கற்பனை அதிர்வெண் போகவே மாட்டேங்குது, உதவுங்க

தருமபுரியிலிருந்து கேட்கிறேன். கணினியில் குவாண்டம் வேதியியல் கணக்கு ஓட்டுகிறேன்: வாயு நிலையில் ஆறு நீர் மூலக்கூறு சேர்ந்த கொத்து (ஹெக்ஸாமர்), பட்டக வடிவம். கணக்கு முறை பி3எல்ஒய்பி (B3LYP), அடிப்படைத் தொகுதி டெஃப்2-டிஇசட்விபி (def2-TZVP), எட்டு கோர். ஒரு வாரமாக 28i செமீ⁻¹ என ஒரே ஒரு கற்பனை அதிர்வெண் (வடிவம் இன்னும் ஆற்றல் குழியின் அடியில் உட்காரவில்லை என்பதற்கான அறிகுறி) விடாமல் நிற்கிறது.

மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய சிதறல் ஈர்ப்புக்கான டி3 திருத்தம் சேர்த்தாச்சு. அது இல்லாவிட்டால் வளைய வடிவமோ புத்தக வடிவமோதான் தாழ்ந்த ஆற்றலில் வருகிறது, அது தப்பு. 2012 நுண்ணலை நிறமாலையில் பட்டகம், கூண்டு, புத்தகம் மூன்றுமே தெரிந்தன. எண் தொகையீட்டு கிரிட்டை நுணுக்கினேன், எஸ்சிஎஃப் (எலக்ட்ரான் கணக்குச் சுழற்சி) குவியும் வரம்பை இறுக்கினேன், ஹெஸியனை (ஆற்றலின் இரண்டாம் வகைக்கெழு அணி) முழுசாகக் கணக்கிட்டேன். அந்த அதிர்வெண்ணின் அசைவை ஓட்டிப் பார்த்தால் மேல் முக்கோணத்தில் பிணைப்பில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஹைட்ரஜன் மட்டும் ஆடுகிறது. அதை இரு பக்கமும் 0.1 ஆங்ஸ்ட்ராம் தள்ளி மறுபடி ஓட்டினாலும் பழைய இடத்துக்கே திரும்புகிறது.

இது வெறும் எண்கணிதப் பிழையா, இல்லை நிஜமான சேணப்புள்ளியா (ஒரு திசையில் மட்டும் ஆற்றல் இறங்கும் இடம்) என்பதை எந்தச் சோதனையால் உறுதி செய்வது?