வார இதழுக்குக் கேரிகேச்சர்: முகச்சாயல், அச்சு, கெடு, ஒப்பந்தம்

கோட்டுப்பித்தன் (கேள்வி)

வணக்கம். நகைச்சுவை வார இதழ் ஒன்றுக்கு வாரம் 3 கேரிகேச்சர் (ஆளின் சாயலை மிகைப்படுத்தி வரையும் கேலிச்சித்திரம்) கேட்டிருக்கிறார்கள். ஒன்று முழுப்பக்க அரசியல் படம். மற்ற இரண்டும் சினிமா முகங்கள், ஒரு பத்தி அகலம், 5 செ.மீ. உயரம். ஏ4 தாளில் பார்த்தால் ஆள் அச்சு அசலாக இருக்கிறார். சிறிதாக்கினால் வேறு யாரோ ஆகிவிடுகிறார். கலரில் முகம் கறுத்துவிடுகிறது, கோடுகள் இரட்டையாகத் தெரிகின்றன. நிப், மை வைத்துத் தாளில் வரைகிறேன். கலர் மட்டும் கணினியில். கெடுவுக்குள் வேலையை எப்படிப் பிரிப்பது? ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மைக்கூடு

5 செ.மீ. படத்தை ஏ4 முழுக்க வரைவதுதான் முதல் கோளாறு. அச்சளவைப் போல ஒன்றரை மடங்கு போதும். அதிகம் போனால் இரண்டு மடங்கு. 5 செ.மீ. முகத்துக்கு 7.5 செ.மீ. ஏ4-இலிருந்து ஐந்தில் ஒன்றாகச் சுருக்கும்போது 0.5 மி.மீ. கோடு 0.1 மி.மீ. ஆகிவிடும். கண்ணோரச் சுருக்கம், மீசை முடி எல்லாம் அழுக்குத் தீற்றலாகத்தான் விழும்.

சாயல் பிடிபடுவது பெரிய தாளில் அல்ல. 2, 3 செ.மீ. உயரத்தில் பத்துப் பதினைந்து குட்டிப் படங்கள் போடுங்கள். இமை, புருவமுடி, பல் எதுவும் வேண்டாம். தலையின் வெளிவடிவம், இரண்டு கண், மூக்கு, வாய், அவ்வளவுதான். அமெரிக்காவின் 'மேட்' இதழுக்கு வரைந்த டாம் ரிச்மண்ட் பாடத்தைத் தொடங்குவதே இந்த ஐந்து வடிவங்களில்தான். அதில் ஒன்றின் அளவைவிட ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள இடைவெளிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். மூக்கின் அடியிலிருந்து மேலுதடு எவ்வளவு, கீழுதட்டிலிருந்து தாடை எவ்வளவு என்று பாருங்கள். ஒன்றைக் கூட்டினால் பக்கத்தில் ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும். மூக்கு, காது, தாடை என்று எல்லாவற்றையும் பெரிதாக்கினால் விகாரம்தான் மிஞ்சும், ஆள் இருக்க மாட்டார்.

இன்னொன்று, பொருள்களை நம்பி முகத்தைக் கோட்டைவிடுவது. கலைஞர் என்றால் கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டும், எம்.ஜி.ஆர். என்றால் தொப்பி. இவை இருந்தால் கீழே எந்த முகத்தை வைத்தாலும் வாசகர் கண்டுகொள்வார். அதனால் பென்சில் நிலையில் அந்தப் பொருள்களை எடுத்துவிட்டு ஒருமுறை வரைந்து, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக் கேளுங்கள். பெயர் வரவில்லை என்றால் முகம் இன்னும் முடியவில்லை. உங்கள் கண்ணுக்கே பழகிவிட்ட படத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தால் கோணல் உடனே தெரியும்.

ஒற்றைப் புகைப்படத்தை வைத்து வரையாதீர்கள். கைபேசியில் கிட்டே இருந்து எடுத்த படத்தில் மூக்கு பருத்து, காது பின்னுக்குப் போயிருக்கும். அது லென்ஸின் வேலை, ஆளின் முகம் அல்ல. சினிமாக்காரர்களுக்கு விளம்பரப் படங்கள் உதவாது, தோலை வழித்துத் தேய்த்திருப்பார்கள். பேட்டி வீடியோவை அங்கங்கே நிறுத்தி, பேசும்போதும் சிரிக்கும்போதும் வாய் போகும் போக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முழுப்பக்கத்துக்கு உடம்பும் சேர்ந்து பேச வேண்டும். விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்வான்களைத் தேடிப் பாருங்கள். கை போகும் விதம், தலை சாயும் கோணம், உட்காரும் தோரணை, இவையே பாதிச் சாயலைத் தந்துவிடும்.

அச்சுக்கூடம்

கோடு இரட்டையாவதற்குக் காரணம் உங்கள் கறுப்பு. ஆர்.ஜி.பி.யில் (கணினித் திரையின் நிறமுறை) கலர் போட்டுக் கடைசியில் சி.எம்.ஒய்.கே.க்கு (சியான் என்ற நீலம், மஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மை கொண்ட அச்சு நிறமுறை) மாற்றினால், கறுப்புக் கோடு நான்கு மையாகப் பிரிந்துவிடும். ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் அது சியான் 75, மஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று வரும். கூட்டினால் 300 சதவீதம். செய்தித்தாள் வகைக் காகிதம் 240-க்கு மேல் தாங்காது. மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். நான்கு தகடுகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண் இமைக்குப் பக்கத்தில் சிவப்பு நிழல் விழும்.

செய்ய வேண்டியது: கோட்டுப்படத்தை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஒன்றரை மடங்கில் வரைந்திருந்தால் அச்சளவில் அது 900 ஆகிவிடும், போதும். வெள்ளையை நீக்கிக் கோட்டைத் தனி லேயரில் (அடுக்கில்), மல்டிப்ளையில் (அடியில் உள்ள நிறத்தோடு கலக்கும் அமைப்பு), கறுப்பு மட்டும் 100 என்று வையுங்கள். கலர் லேயர் கோட்டுக்கு அடியில் முழுக்கப் போய் மறு ஓரம் வரை நிரம்பியிருக்கட்டும், இல்லாவிட்டால் வெள்ளைக் கீற்று தெரியும்.

முகம் கறுப்பதற்குக் காரணம், இந்தக் காகிதத்தில் அச்சு மைப் புள்ளி விரிவது. நடுத்தர டோன் 50 என்று கொடுத்தால் 75 போலத் தெரியும். மாநிறத்துக்கு மஜந்தா 45, மஞ்சள் 60, சியான் 15 என்று தொடங்கி, அந்த அச்சகத்தில் வந்த இதழை வைத்துத் திருத்துங்கள். நிழலுக்குச் சியானை ஏற்றினால் முகம் பச்சை பாயும். மஜந்தாவோடு கொஞ்சம் கறுப்பு சேர்ப்பது மேல். திரையை நம்ப வேண்டாம். லேசர் பிரிண்டரில் அச்சளவில் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ஹாட்சிங் கோடுகளின் (நிழலுக்காக நெருக்கமாகப் போடும் கோடுகள்) நடுவே அச்சளவில் 0.4 மி.மீ.க்குக் குறைந்த இடைவெளி இருந்தால் அடைத்துக்கொள்ளும்.

கோட்டுப்பித்தன்

மிக்க நன்றி ஐயா. கோட்டை கலரோடு ஒரே லேயரில்தான் வைத்திருந்தேன். கெடு, ஒப்பந்தம் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

லே-அவுட் மேசை

சினிமா முகங்கள் இரண்டையும் வாரத் தொடக்கத்திலேயே முடித்து அனுப்பிவிடுங்க. அரசியல் பக்கம் கடைசி நாள் வரை மாறும், அதைத் தடுக்க முடியாது. ஆள் மாறினாலும் படம் பிழைக்கிற மாதிரி வரையணும்: பின்னணி, உடம்பு, தலை மூன்றும் தனித்தனித் தாள் அல்லது லேயர். கட்சித் தலைவர்கள், அமைச்சர்கள் முகங்களை நேர்ப் பார்வை, முக்கால் பார்வை, பக்கவாட்டு என்று மூன்று கோணத்தில் பென்சிலில் போட்டு வைத்துக்கிட்டா, கடைசி நேர மாற்றம் அரைமணி வேலை. ஆனா தலைமுடி, தாடி, கண்ணாடி மாறிடும், அப்பப்ப புதுப்பிக்கணும்.

ரஃப் படத்துக்கு (மை வைக்கும் முன் போடும் மாதிரிப் படம்) ஆசிரியர் ஒப்புதல் தராமல் மை தொடாதீங்க. வாய்ப்பேச்சு வேண்டாம், மெயிலில் வாங்குங்க. பலூன் வசனத்தையும் ரஃபிலேயே எழுதி இடம் ஒதுக்குங்க. இடம் விடலைன்னா, லே-அவுட்டில் உங்க படத்தோட நெற்றி மேலதான் எழுத்து உட்காரும்.

ஒருத்தரோட நிறம், உடல் குறை, சாதி அடையாளம் இதில் நகைச்சுவை தேடாதீங்க. அவர் செய்ததையும் சொன்னதையும் வரையலாம், அதுக்கே வாரா வாரம் விஷயம் கிடைக்கும்.

உரிமைக்குரல்

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சம்பள ஊழியராக இருந்தால், பத்திரிகையில் வெளியிடும் அளவுக்கு மட்டும் உரிமை நிர்வாகத்துக்கு, மற்றவை வரைந்தவருக்கு. வெளியிலிருந்து வரைபவருக்கு ஒரு பொறி இருக்கிறது. பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கோ உருவப்படத்துக்கோ, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவரே முதல் உரிமையாளர். கேரிகேச்சரும் உருவப்படம்தான் என்று வாதாட இடமிருக்கிறது. ஆகவே "பதிப்புரிமை ஓவியருக்கு, இதழுக்கு ஒருமுறை அச்சிடவும் அதே இதழின் இணையப் பதிப்பில் வெளியிடவும் அனுமதி" என்று எழுதி வாங்குங்கள். உரிமையை மாற்றித் தருவதானால் எழுத்தில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு கொள்ளும். அசல் தாள் திரும்ப வேண்டும் என்பதைத் தனி வரியாகச் சேருங்கள். ரஃபில் 2 திருத்தம் இலவசம், மை வைத்த பின் திருத்தினால் தனிக் கட்டணம், அச்சேறாமல் போனாலும் பாதித் தொகை என்பதும் இருக்கட்டும்.

வழக்கு வந்தால் நஷ்டத்தை ஓவியரே ஏற்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். 1987-இல் ஆனந்த விகடன் அட்டை ஜோக் ஒன்றுக்காகத் தமிழகச் சட்டமன்றம் 3 மாதச் சிறைத் தண்டனை விதித்தது அதன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு. வெளியிடுவது என்று முடிவெடுப்பவர் ஆசிரியர், பொறுப்பும் அங்கே இருக்க வேண்டும். "ஒப்புதல் பெற்ற ரஃபிலிருந்து ஓவியர் விலகாத வரை சட்டச் செலவு நிர்வாகத்தைச் சேரும்" என்று மாற்றி எழுதக் கேளுங்கள். லே-அவுட் மேசை சொன்ன ஒப்புதல் மெயில் அப்போதுதான் கைகொடுக்கும். ரஃபையும் அதோடு சேர்த்துத் தேதிவாரியாக வையுங்கள்.