பேக்டவுனுக்குத் தமிழ்: ‘மின்னாக்கக் குறைப்பு’ சரியா?

குழுமத்தாருக்கு வணக்கம். மின்சாரம் மிஞ்சும்போது, உற்பத்தியைக் குறைக்கும்படி மின்நிலையங்களுக்குச் சொல்வதைத்தான் ‘பேக்டவுன்’ (backdown) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த கருத்துகளை மேற்கோள் காட்டிப் பதில் சொல்கிறேன்.

> ‘மின்வெட்டு’ எல்லாருக்கும் தெரிந்த சொல். ‘உற்பத்தி வெட்டு’ என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

முடியாது ஐயா. மின்வெட்டில் மின்சாரம் போதாமல் நம் வீட்டு விளக்கு அணைகிறது. இங்கே மின்சாரம் மிஞ்சுவதால் காற்றாலையை அடக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் ‘வெட்டு’ என்றால் செய்தி படிப்பவர் குழம்பிப்போவார். வேறு சொற்களைப் பார்த்தால், ‘மின்னிறக்கம்’ இயற்பியல் பாடநூலில் வேறு பொருளில் (discharge) குடியேறிவிட்டது. ‘மட்டுறுத்தல்’ (moderation) நம் குழும நிர்வாகிகளின் வேலை. அவர்கள் பிழைப்பில் கைவைக்க வேண்டாம்.

நான் தரவு அட்டவணைப் பக்கமிருந்து பார்க்கிறேன். ஆடி மாதம், காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல், நள்ளிரவு. காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. ஊரில் மின்தேவை சரிந்து கிடக்கிறது. அனல் நிலையங்களையும் ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. மத்திய நிலையங்களுக்கு விதிப்படி திறனில் 55 விழுக்காடு கீழ்வரம்பு. அப்போது ‘பேக்டவுன் பண்ணுங்க’ என்று தகவல் வரும். ஒரு பேச்சுக்கு, 40 மெகாவாட் தரக்கூடிய காற்றாலைப் பண்ணை 25இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் 25 என்றுதான் பதியும். மின்தொகுப்புக் கணக்கில் ஒரு நாள் 96 கால்மணிக் கூறுகள். அதில் ஒரு கூறில் மட்டும் 3,750 யூனிட் சுவடில்லாமல் போகிறது. பின்னாளில் மீட்டர் பதிவை மட்டும் வைத்து ஆராய்பவர் ‘அன்று காற்று மந்தம்’ என்று எழுதிவிடுவார். அதை நம்பி அடுத்த மின்தடத்தைத் திட்டமிடுவார்கள்.

ஆகவே நமக்கு வேண்டியது இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல். அது இலக்கணத்திலேயே இருக்கிறது: காற்று தானாக ஓய்ந்தால் குறைவு, யாரோ சொல்லி அடக்கினால் குறைப்பு. தன்வினை, பிறவினை. புதிதாக எதையும் கட்டத் தேவையில்லை.

> ஆனால் ‘உற்பத்திக் குறைப்பு’ என்றால் எண்ணெய் நாடுகள் நினைவுக்கு வருகின்றனவே?

உண்மைதான். அதனால்தான் ‘மின்னாக்கக் குறைப்பு’ என்கிறேன். இதனால் இழந்த யூனிட்டுக்கு ‘குறைப்பிழப்பு’. இதை எந்த மீட்டரும் சொல்லாது. காற்றின் வேகத்தையும் அந்த இயந்திரத்தின் திறன் வளைவையும் (எந்த வேகக் காற்றுக்கு எவ்வளவு மின்சாரம் தரும் என்ற வரைகோடு) வைத்துக் கணக்கிட வேண்டும். எனவே அட்டவணையில் ‘மதிப்பீடு’ என்ற குறிப்பில்லாமல் இந்த எண் வரவே கூடாது.

*

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மறுமொழி:

வணக்கம். எங்களுக்கு ‘மின்பிறப்பாக்கம்’தான் பழக்கம். என்றாலும் மின்னாக்கம் விளங்கும், அதில் பிணக்கில்லை. என் கேள்வி வேறு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை விழுந்தபோது, கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டது. அது கட்டளை இல்லை, வேண்டுகோள். ஒவ்வொரு கூரையிலும் என்ன நடக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியவும் வழியில்லை. இதையும் குறைப்பு என்பீர்களா?

*

என்பேன். அவர்கள் வெயிலில்லாமல் நிறுத்தவில்லையே, கேட்டதால்தானே நிறுத்தினார்கள்! பக்கத்தில் ‘வகை’ என்று ஒரு நெடுவரிசை போட்டு, கட்டளை, வேண்டுகோள் என்று பிரித்துக்கொள்ளலாம். கூரைக் கணக்கு முழுக்க மதிப்பீடாகத்தான் இருக்கும். ‘குறைப்பிழப்பு’ நாக்கில் இடறுகிறது என்பவர்கள் வேறு சொல் தரட்டும். ‘வெட்டு’ மட்டும் வேண்டாம்.