தேரிக்காட்டில் படப்பிடிப்பு: ஜெனரேட்டர் வண்டிக்குப் பதில் சோலார் ட்ரெய்லர் போதுமா?

தேரிமணல்:
மாசியில் திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டில், அதாவது செம்மணல் மேட்டில், பதினாறு நாள் படப்பிடிப்பு. சிறிய படம், தயாரிப்பு நிர்வாகம் என் தலையில். போன ஆண்டு இதே தேரிக்கு வேறொரு படத்துக்காக ஜெனரேட்டர் வண்டி கொண்டுபோனோம். பின்சக்கரம் அச்சுவரை செம்மணலில் புதைந்தது. ஓலையைப் போட்டுத் தள்ளி வெளியே எடுப்பதற்குள் காலை வெளிச்சம் போய்விட்டது. நாளுக்கு 70 லிட்டர் டீசல் வேறு. லிட்டருக்கு 2.7 கிலோ கரியமில வாயு என்றால் தினமும் 190 கிலோ புகை!

இம்முறை பேனலும் பேட்டரியும் ஏற்றிய ட்ரெய்லர் எடுக்கலாமா? 600 வாட் எல்இடி விளக்கு இரண்டு, மானிட்டர், சார்ஜர்கள், ஒரு கேரவன். மூன்று இரவுகளுக்கு மட்டும் 4 கிலோவாட் எச்எம்ஐ (பகல்போல் வெளிச்சம் தரும் பெரிய விளக்கு).

பழைய லைட்மேன்:
தம்பி, முதலில் கேரவனைக் கணக்கிலிருந்து எடு. அதன் ஒன்றரை டன் ஏசி எட்டு மணி நேரத்தில் பத்து யூனிட் குடிக்கும். விளக்கைவிட நடிகரின் குளிர்ச்சிக்குத்தான் அதிகம் போகிறது. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. கேரவனை ஊருக்குள் மின் இணைப்புள்ள இடத்தில் நிறுத்து. தேரியில் ஒரு பந்தல் போடு.

மீதி எளிது. 600 வாட் விளக்கு உண்மையில் 720 வாட் வரை இழுக்கும். இரண்டும் நான்கு மணி நேரம் எரிந்தால் ஆறு யூனிட். மற்றதற்கு இரண்டு. 540 வாட் பேனல் ஆறு போட்டால் நல்ல வெயிலில் பன்னிரண்டு யூனிட் வரும். பேனல் ஒன்று 28 கிலோ, பத்து யூனிட் லித்தியம் பேட்டரி நூறு கிலோ. ஜீப்பே இழுத்துவிடும்.

ஆனால் பனையைப் பார்த்து நிறுத்து. ராமநாதபுரம் பக்கம் ஓர் ஆவணப்படத்தில் நான் பட்டது இது. காலையில் நன்றாக வந்த மின்சாரம் மூன்று மணிக்குப் பாதிக்குக் கீழே விழுந்தது. வயரையெல்லாம் பிரித்துப் பார்த்தோம். கடைசியில், சமையல்கார அம்மாள்தான் கையை நீட்டிக் காட்டினார்: ஒற்றைப் பனையின் நிழல், முழ அகலம்கூட இல்லை, மூன்று பேனல்களின் குறுக்கே கோடு கிழித்ததுபோல் கிடந்தது. தொடராக இணைத்த பேனல்களில் ஒன்று நிழலில் பட்டால் மற்றவையும் சேர்ந்து சோரும்.

எச்எம்ஐ இரவுகளுக்கு ஜெனரேட்டரே வரட்டும். மூன்று மணி நேரத்தில் பேட்டரி முழுவதையும் அது காலி செய்துவிடும்.

ஒலிக்காரி:
களத்திலேயே ஒலிப்பதிவு செய்பவள் நான். ஜெனரேட்டரை எவ்வளவு தள்ளி நிறுத்தினாலும் தேரி மாதிரி வெட்டவெளியில் அந்த உறுமல் வசனத்துக்கு அடியில் கேட்கும். அதனாலேயே சோலாருக்கு என் ஓட்டு. ஒரு நிபந்தனை: பேட்டரி மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் சுத்த சைன் அலை, அதாவது வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை, தருவதாக இருக்கட்டும். விலை குறைவென்று வேறொன்றை வாடகைக்கு எடுத்த ஒரு படத்தில், நாள் முழுவதும் வண்டு ரீங்காரம் போல ஓர் ஒலி பதிவாகி, டப்பிங்கில் பணம் இரட்டிப்பாகச் செலவானது. இன்வெர்ட்டர் விசிறியும் இரையும். மைக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தேரிமணல்:
அண்ணன் சொன்னபடி கேரவன் ஊருக்குள். நாயகனிடம் சொல்லும் பொறுப்பை இயக்குநரிடம் தள்ளிவிட்டேன். மூன்று இரவுக்கு மட்டும் ஜெனரேட்டர். வழக்கமாக வரும் ஆபரேட்டருக்குப் பதினாறு நாள் வேலை மூன்றாகிவிடுமே என்பதுதான் உறுத்துகிறது. பேனலில் செம்மண் படிந்தால் தண்ணீர் ஊற்றலாமா?

பழைய லைட்மேன்:
அவரையே ட்ரெய்லருக்கும் ஆபரேட்டராகப் போடு, அதே சம்பளத்தில். எந்த விளக்கு எவ்வளவு இழுக்கும் என்று அவருக்குத் தெரிவதுபோல் வாடகைக்கு விடுபவனுக்குத் தெரியாது. மண்ணை வெயில் ஏறுமுன் ஈரத்துணியால் துடை. உச்சிவெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம்.